உடைத்த கான்கிரீட் ஜல்லியில் கம்பி பிடிக்க வைப்பது எப்படி?

பல்லடம் பக்கம் ஒரு பழைய தறி செட்டை இடித்துக்கொண்டிருந்தோம். இடித்த கான்கிரீட்டை அள்ளிக்கொண்டு போய்க் கொட்ட லாரிக்காரர் கேட்ட தொகையைப் பார்த்ததும் செட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை. "ஏனுங்க, இதையே உடைச்சு ஜல்லியாக்கிப் புதுக் கட்டடத்துக்குப் போட்டா என்னங்க?" என்றார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி, "போடலாமுங்க, ஆனா கம்பி புடிக்காதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இருவர் சொன்னதிலும் பாதி சரி. உடைத்த கான்கிரீட் ஜல்லியில் முறுக்குக் கம்பி, அதாவது மேலே வரி போட்ட கம்பி, நன்றாகவே பிடிக்கும். ஆனால் மலைக்கல் ஜல்லியில் நாம் செய்கிற சில்லறைத் தப்புகளையெல்லாம் கான்கிரீட் பொறுத்துக்கொள்ளும், இதில் பொறுக்காது. எந்தத் தப்புகள், எப்படித் தவிர்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். கம்பி போட்ட கான்கிரீட் என்றால் டிசைன் போட்டுக் கொடுத்த பொறியாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், முடிந்த பிறகு சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கம்பி எப்படிப் பிடிக்கிறது?

சிமெண்ட் பால் கம்பியில் ஒட்டிக்கொள்வது ஒன்று. அது பேருக்குத்தான், கம்பி தலைமுடி அளவு நகர்ந்தாலே விட்டுவிடும். அடுத்தது உராய்வு. மூன்றாவதுதான் பெரிய ஆள்: கம்பியின் மேல் இருக்கும் வரிகள் கான்கிரீட்டில் மாட்டிக்கொண்டு நிற்பது. ஒரு 12 மி.மீ. 500 கிரேடு கம்பி (இந்த எண் கூடினால் கம்பியின் பலம் கூடும்) டிசைன் கணக்கில் கிட்டத்தட்ட 5 டன் இழுவையைச் சுமக்கிறது. அந்த 5 டன்னும் இந்தச் சின்ன வரிகள் வழியாகத்தான் கான்கிரீட்டுக்குப் போகிறது.

வரி இழுக்கும்போது கான்கிரீட்டை நேராக மட்டும் தள்ளுவதில்லை, விறகில் ஆப்பு இறக்கினால் எப்படி இரண்டு பக்கமும் பிளக்குமோ அப்படி வெளிப்பக்கமும் தள்ளுகிறது. கம்பியைச் சுற்றி இருக்கும் கான்கிரீட் வளையம் அதைத் தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் கவர் பக்கமாக, அதாவது கம்பிக்கு வெளியே மூடியிருக்கும் கான்கிரீட் பக்கமாக, கம்பி நீளத்துக்கே விரிசல் ஓடும். நம் வீடுகளில் பிடிப்பு போவது பெரும்பாலும் இப்படித்தான், கம்பி உருவிக்கொண்டு வருவது அபூர்வம்.

இப்போது உடைத்த ஜல்லிக்கு வருவோம். அதில் பழைய கல்லோடு பழைய சிமெண்ட் காரையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தக் காரை துளை நிறைந்தது, தண்ணீர் குடிக்கும், கல்லோடு அது ஒட்டியிருக்கும் இடத்தில் ஏற்கெனவே நுண்விரிசல் இருக்கும். அதனால் கான்கிரீட்டின் இழுவிசைத் தாங்குதிறன் கொஞ்சம் இறங்குகிறது. கான்கிரீட் பிளக்குமா பிளக்காதா என்பதை முடிவு செய்வது அந்தத் தாங்குதிறன்தான். 2007இல் ஜியாவோவும் ஃபால்க்னரும் வெளியிட்ட இழுவைச் சோதனைகளில் வரியில்லாத மொழுக்கைக் கம்பிக்குப் பிடிப்பு குறைந்தது, முறுக்குக் கம்பிக்கோ உடைத்த ஜல்லியின் அளவைக் கூட்டினாலும் பிடிப்பில் சொல்லும்படி மாற்றம் இல்லை. மேஸ்திரி சொன்னது மொழுக்கைக் கம்பிக் காலத்து அனுபவமாக இருக்கலாம். ஆக, முதல் விதி எளிது: இந்தக் கான்கிரீட்டில் மெயின் கம்பி எதுவும் மொழுக்கையாக இருக்கக் கூடாது. இடித்த கட்டடத்திலிருந்து உருவி நிமிர்த்திய பழைய கம்பியும் கூடாது. அதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

எந்த இடிபாடு ஆகும், எது ஆகாது?

ஜல்லி, மணலுக்கான இந்திய விதி ஐ.எஸ். 383, 2016ஆம் ஆண்டுப் பதிப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. வெறும் கான்கிரீட்டை மட்டும் உடைத்து எடுத்த ஜல்லி என்றால், கம்பி போட்ட கான்கிரீட்டில் மொத்த ஜல்லியில் 20 சதவீதம் வரை போடலாம், அதுவும் எம்25 கிரேடு வரைதான் (எம் பக்கத்து எண் கூடினால் கான்கிரீட்டின் பலம் கூடும்). கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 25 சதவீதம். பூட்டிங்குக்கு (பில்லரின் அஸ்திவாரத்துக்கு) அடியில் போடும் எம்15க்குக் கீழான மெலிந்த கலவைக்கு முழுக்கவே போடலாம். செங்கல், ஓடு, பூச்சு எல்லாம் கலந்த இடிபாட்டு ஜல்லிக்கு அந்த மெலிந்த கலவை ஒன்றுதான் இடம், கம்பி இருக்கும் பக்கமே அதைக் கொண்டு போகக் கூடாது.

நம் ஊர்ப் பக்கம் இதற்கு மேல் ஒன்று பார்க்க வேண்டும். அந்தக் கான்கிரீட் என்ன தொழில் பார்த்தது என்று விசாரியுங்கள். திருப்பூரில் 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, திரும்பத் திறக்காமலே போன பட்டறைகளும் உண்டு. அப்படி ஒன்றின் தரையோ தொட்டியோ இடிபட்டால் கான்கிரீட் பார்க்க அருமையாக, கெட்டியாக இருக்கும், ஆனால் பல வருடம் உப்பும் சோடியம் சல்பேட்டும் கலந்த சாயத் தண்ணீரைக் குடித்து ஊறியது அது. ஈரோட்டுப் பக்கத் தோல் பட்டறைகளின் தரையும் அப்படியே, உப்புப் போட்ட தோல் வந்து இறங்கின இடம். அந்த ஜல்லியைப் போட்டால் குளோரைடு புதுக் கம்பியைத் தின்ன ஆரம்பிக்கும். துரு, இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். கம்பியைச் சுற்றியிருக்கும் வளையம் உள்ளிருந்தே பிளக்கும். பிடிப்பு அதோடு போயிற்று. கான்கிரீட்டுக்கான இந்திய விதி ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டில் மொத்தக் குளோரைடு ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது, அதில் சிமெண்ட், மணல், தண்ணீர், ஜல்லி எல்லாவற்றிலும் இருப்பது சேரும். சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் குளோரைடு, சல்பேட் இரண்டும் பாருங்கள். சாயப்பட்டறைத் தரை என்று தெரிந்தால் நான் சோதனைக்குக்கூட அனுப்ப மாட்டேன், கம்பி வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

தறி செட்டு, குடோன், வீட்டு ரூப் இதெல்லாம் நல்ல சரக்கு. ஆனால் செட்டு, கோழிப்பண்ணை இடிக்கும்போது கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் சீட் இருந்தால் முதலில் அதை உடைக்காமல் முழுசாகக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். அது கிரஷருக்குள் போனால் கம்பிப் பிடிப்பெல்லாம் சின்ன விஷயம், தூள் நுரையீரலுக்குப் போகும். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் துண்டும் ஆகாது, அது நேரடி சல்பேட்.

உடைத்ததும் 20 மி.மீ.க்கும் 4.75 மி.மீ.க்கும் இடைப்பட்டதை மட்டும் சலித்து எடுங்கள். அடியில் விழும் தூளை எம் சாண்டோடு கலக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். விதி அதற்கும் ஓரளவு இடம் கொடுக்கிறது, நான் கொடுப்பதில்லை, ஏனென்றால் பழைய சிமெண்டில் பெரும்பங்கு அந்தத் தூளில்தான் இருக்கிறது, தண்ணீரை அது குடிக்கிற குடிக்கு எந்தக் கணக்கும் நிற்காது. இன்னொரு கைவேலை உண்டு: ஜல்லியைத் தண்ணீர் விடாமல் மிக்சரில் போட்டுச் சில நிமிடம் சும்மா சுற்றவிட்டுத் திரும்பச் சலித்தால், தளர்ந்து நிற்கும் காரையில் ஒரு பங்கு உதிர்ந்துவிடும்.

தண்ணீர்

இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன்.

நம் பக்கத்து மலைக்கல் ஜல்லி தன் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். உடைத்த கான்கிரீட் ஜல்லி 4, 6, சில சமயம் 8 சதவீதம் குடிக்கும். விதிப்படி 10 சதவீதம் வரை ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் கலக்கும் முன் நனைத்து ஊற வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் சரக்கு எவ்வளவு குடிக்கிறது என்பதைச் சைட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கிலோ அளவு ஜல்லியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். எடுத்துத் துண்டில் உருட்டி மேல் ஈரத்தை மட்டும் துடைத்து எடை போடுங்கள். அப்புறம் வாணலியில் போட்டு, எடை இனிமேல் குறையாது என்கிற வரை வறுத்து, ஆறவிட்டு எடை போடுங்கள். துடைத்த எடை 2.12 கிலோ, வறுத்த எடை 2 கிலோ என்றால் 6 சதவீதம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் 150 கிலோ ஜல்லி போகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் 20 சதவீதம் 30 கிலோ. 30 கிலோ காய்ந்த ஜல்லி 6 சதவீதம் குடித்தால் 1.8 லிட்டர், அவ்வளவுதான். ஆனால் சைட்டில் என்ன நடக்கும்? ஜல்லி காய்ந்தபடி மிக்சருக்குள் போகும், கலவை பத்து நிமிடத்தில் இறுகும், கொத்தனார் "கலவை வறண்டு போச்சு" என்று குரல் கொடுப்பார், மிக்சர்காரர் அரைக் குடத்தைச் சாய்ப்பார். 25 லிட்டரில் நிற்க வேண்டிய தண்ணீர் 32 லிட்டர் ஆகிவிடும், தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.50லிருந்து 0.64க்குப் போய்விடும். 1.8 லிட்டர் பற்றாக்குறைக்கு 7 லிட்டர் ஊற்றியாகிவிட்டது. கூடுதல் தண்ணீர் மேலே ஏறும்போது படுக்கைக் கம்பிகளின் அடிவயிற்றில் தங்கும். காய்ந்ததும் அங்கே இடைவெளி. ஆழமான பீமின் மேல் கம்பிக்கு இது இன்னும் மோசம். அமெரிக்க விதியில், கம்பிக்குக் கீழே 300 மி.மீ.க்கு மேல் பச்சைக் கான்கிரீட் இருந்தால் கம்பியைக் கான்கிரீட்டுக்குள் பதிக்கும் நீளத்தையே 1.3 மடங்காக்கச் சொல்கிறார்கள்.

நான் விட்ட கோட்டை இதற்கு நேர் எதிர். ஊற வைக்க வேண்டும் என்று படித்துவிட்டு, ராத்திரி முழுக்க ஊறிய ஜல்லியைக் காலையில் அப்படியே சொட்டச் சொட்ட மிக்சரில் போட வைத்தேன். பிளிந்த் பெல்ட் (தரை மட்டத்தில் சுவருக்கு அடியில் ஓடும் கம்பி போட்ட பட்டை) கான்கிரீட் மேலே பால் மிதந்தது. பக்கப் பலகை பிரித்தபோது கம்பி மட்டத்துக்கு நேராக ஒரு மெல்லிய கோடு ஓடியது, அந்த நீளத்தைக் கொத்தித் திரும்பப் போட்டோம், செலவு என் கணக்கில். அதனால் முறை இதுதான்: முந்தின நாள் சாயங்காலம் குவியலுக்குத் தண்ணீர் அடித்து ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். கலக்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாக்கை எடுத்து, குவியலை ஒரு சரிவில் பரப்பித் தண்ணீர் வடிய விடுங்கள். கையில் அள்ளினால் ஜில்லென்று இருக்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் நிற்கக் கூடாது.

கலக்குவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. விவியன் டாம் குழுவினர் 2005இல் எழுதிய இரண்டு கட்டக் கலவை முறை நம் ஊர் மிக்சருக்கும் சரிப்படும்: மணலும் ஜல்லியும் முதலில், பிறகு பாதித் தண்ணீர், ஒரு நிமிடம் சுற்ற விடுங்கள், அடுத்து சிமெண்ட், அரை நிமிடம், கடைசியாக மீதித் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம். சிமெண்ட் பால் பழைய காரையின் விரிசலுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது என்பது இதன் சூட்சுமம். செலவு எதுவும் இல்லை, மிக்சர்காரரிடம் முதல் நாலு தடவை நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நொய்யல் ஓரத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் வாயில் வைக்கவே உப்புக் கரிக்கும். ஜல்லியிலும் கொஞ்சம், தண்ணீரிலும் கொஞ்சம் என்று சேர்ந்தால் 0.6 கிலோ சீக்கிரம் வந்துவிடும்.

லேப் எவ்வளவு விடுவது?

"ஐம்பது டி" என்று கேட்காத சைட்டே இல்லை. கம்பி விட்டத்தைப் போல 50 மடங்கு லேப், அதாவது ஒரு கம்பி முடியும் இடத்தில் அடுத்த கம்பியை அதோடு சேர்த்துக் கட்டும் நீளம். அந்தப் பழக்கம் 415 கிரேடு கம்பிக் காலத்தது. ஐ.எஸ். 456 கணக்கில் எம்20 கான்கிரீட்டில் 415 கம்பிக்கு 47 மடங்கு வரும், 50 விட்டால் தாராளம். ஆனால் இன்று கடையில் கிடைப்பது 500, 550 கம்பிகள். அதே எம்20இல் 500 கம்பிக்கு 57 மடங்கு, 550 கம்பிக்கு 62 மடங்குக்குக் கொஞ்சம் மேல். 12 மி.மீ. கம்பி என்றால் முறையே 684, சுமார் 750 மி.மீ. "ஐம்பது டி"யில் கிடைப்பது 600தான். மலைக்கல் ஜல்லியிலேயே இது குறை, உடைத்த ஜல்லியில் இந்தக் குறையோடு ஆரம்பிக்கக் கூடாது.

எம்25க்குப் போனால் கணக்கு இறங்கும்: 500 கம்பிக்கு 49 மடங்கு, 550 கம்பிக்கு 54. உடைத்த ஜல்லி போடும்போது எம்25 டிசைன் கலவைக்கே (கணக்குப் போட்டு எடை அளந்து போடும் கலவைக்கே) போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான், ஒரு மூட்டைக்கு இவ்வளவு பாண்டு (சட்டி) என்ற அளவு வேண்டாம். விதி உடைத்த ஜல்லிக்கென்று லேப்பைக் கூட்டச் சொல்லவில்லை. நான் பத்தில் ஒரு பங்கு கூட்டிவிடுவேன், 500 கம்பி, எம்25 என்றால் 54 மடங்கு, 12 மி.மீ.க்கு 650. கம்பிச் செலவு பெரிதாக ஏறாது, எனக்குத் தூக்கம் வரும்.

எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் லேப் செய்யாதீர்கள், பாதிக்கு மேல் ஒரே வெட்டில் வரக் கூடாது. லேப் நீளம் முழுக்க ரிங்கை (மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியை) நெருக்குங்கள்: நிலநடுக்க விதி ரிங்குகளின் இடைவெளி பீமுக்கு 150 மி.மீ., பில்லருக்கு 100 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் ஊரில் நிலநடுக்கமா என்று சிரிப்பவர்களுக்கு, 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் 6 ரிக்டர் அளவை ஒட்டி ஒன்று வந்திருக்கிறது. அது வராவிட்டாலும் ரிங் வேண்டும், பிளக்கப் பார்க்கும் கான்கிரீட் வளையத்தை வெளியிலிருந்து கட்டிப் பிடிப்பது அதுதான். உடைத்த ஜல்லியில் இழுவிசைத் தாங்குதிறன் குறைகிறது என்றேன் அல்லவா, அந்தக் குறையை ரிங்கும் கவரும் சேர்ந்து ஈடு கட்டுகின்றன.

கவருக்குக் கல் துண்டு, ஓட்டுச் சில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். பில்லருக்கு 40, பூட்டிங்குக்கு 50, பீமுக்கு 30 என்று கவர் பிளாக் வாங்கி, மீட்டருக்கு ஒன்று கட்டினால் போதும். மெயின் கம்பியைச் சுற்றி அதன் விட்டத்துக்காவது கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது விதியின் குறைந்தபட்சம்.

கம்பியின் மேல் என்ன இருக்கிறது?

லேசான பழுப்புத் துரு பரவாயில்லை, தட்டினால் செதிலாகக் கொட்டுகிற துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். மோசமானது எண்ணெய். சென்ட்ரிங் சீட்டுக்குக் கழிவு ஆயில் பூசுவது நம் வழக்கம், கம்பி கட்டி முடித்த பிறகு ஞாபகம் வந்து மேலேயிருந்து துணியை உதறினால் பாதி ஆயில் கம்பியில். அந்த இடத்தில் சிமெண்ட் ஒட்டவே ஒட்டாது. ஆயில் முதலில், கம்பி அப்புறம். துருப் பிடிக்காமல் இருக்க என்று சிமெண்ட் பால் அடித்து வைப்பதும் உண்டு. அது காய்ந்து வாரக்கணக்கில் கிடந்தால் தோலாக உரியும், அந்தத் தோலின் மேல்தான் புதுக் கான்கிரீட் பிடிக்கும். அடிக்கவே வேண்டாம்.

கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் ஊசியைக் கம்பியில் வைத்து அதிர விடாதீர்கள். அரைகுறையாக இறுகிய பக்கத்துக் கான்கிரீட்டில் அந்த அதிர்வு போய்க் கம்பியைச் சுற்றி இடைவெளி உண்டாக்கும். பில்லருக்கு விட்ட கம்பியைப் பிடித்து ஆட்டி நேராக்குவதும் இதே கதை, நேராக்குவதைக் கான்கிரீட்டுக்கு முன்னால் செய்யுங்கள்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் வீசுவது தெரிந்ததே. காற்றாலைக்கு நல்லது, பச்சைக் கான்கிரீட்டுக்கு ஆகாது. உடைத்த ஜல்லிக் கான்கிரீட் காயும்போது சாதாரணத்தைவிடக் கூடச் சுருங்கும், மேல் கம்பிக்கு நேராகத்தான் முதல் விரிசல் விழும். போட்ட மாலையே ஈரச் சாக்கு, மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்டுக்கு விதி 10 நாள் சொல்கிறது, நான் 14 நாள் நிறுத்துகிறேன்.

சந்தேகம் தீரவில்லை என்றால்

ஒரு இழுவைச் சோதனை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஐ.எஸ். 2770இல் முறை இருக்கிறது: 150 மி.மீ. கனசதுரத்துக்கு நடுவில் 16 மி.மீ. கம்பியை நிறுத்திக் கான்கிரீட் போட்டு, 28 நாள் கழித்து இயந்திரத்தில் இழுத்து, கம்பி எவ்வளவு வழுக்குகிறது என்று அளப்பது. சிவில் ஆய்வகம் உள்ள பொறியியல் கல்லூரிகளில் கேட்டால் செய்து தருவார்கள். மலைக்கல் ஜல்லியில் மூன்று, உங்கள் கலவையில் மூன்று என்று கொடுங்கள், எண்ணைவிட ஒப்பீடுதான் நமக்கு வேண்டும். நான் கொடுத்ததில் இரண்டு வகையிலும் கம்பி உருவவில்லை, கனசதுரம்தான் பிளந்தது. அதைப் பார்த்த பிறகு மேஸ்திரி ஜல்லியைக் குறை சொல்வதை விட்டுவிட்டு ரிங்கைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

எங்கே போடலாம் என்றால், பூட்டிங் அடிக் கான்கிரீட், தரை, காம்பவுண்ட் சுவர் பெல்ட், பிளிந்த் பெல்ட், லிண்டல் என்று ஆரம்பியுங்கள். சன்ஷேடு, பால்கனி மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்குகிற எதற்கும் நான் போட மாட்டேன், அங்கே மேல் கம்பியின் பிடிப்பு ஒன்றுதான் உயிர். தண்ணீர்த் தொட்டிக்கும் வேண்டாம்.

கம்பி கட்டுகிறவர்களுக்கு லேப் கணக்கை வாயால் சொன்னால் மதியத்துக்குள் மறுபடி "ஐம்பது டி" ஆகிவிடுகிறது. 10 மி.மீ.க்கு ஒன்று, 12க்கு ஒன்று, 16க்கு ஒன்று என்று லேப் நீளத்துக்கு மூன்று சவுக்குக் குச்சி வெட்டி, நுனியில் வேறு வேறு பெயிண்ட் அடித்துக் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு வீடு தாண்டியும் அந்தக் குச்சிகள் இன்னும் அவர்கள் சாமான் பையில்தான் இருக்கின்றன.